கட்சித் தலைவரும் கட்சி உறுப்பினரும்

குடியாட்சி நடைபெறும் நாடுகளிலே பொதுத்தேர்தல் ஒரு பெருவிழாப்போல நிகழ்கின்றது. வாக்காளன் ஒருவன் சாவடிக்குச் சென்று, வாக்குச் சீட்டிலே புள்ளடியிட்டு மீளும்பொழுது, நாட்டை ஆளுவோரைத் தானே தெரிந்துவிட்டதாக எண்ணி மகிழ்கின்றான். அவ்வெண்ணம் பிழையன்று, ஆயினும் முழுவதும் உண்மையுமன்று. தலைமைக்கு உரியவராக அவன் முன் நின்றவர் இருவர் அல்லது மூவரே. அவருள் ஒருவர் பக்கம் அவன் சார்ந்தான். அவ்விருவரையோ மூவரையோ அவன்முன் கொண்டுவந்து நிறுத்தியவர் யாவர்? எம்முறையால் நிறுத்தினர்? அம்முறையிற் சாதாரண மக்களுக்கு இடமுண்டா? இவ்வினாக்களுக்கு விடை காணாது குடியாட்சியின் இயல்பை முற்ற உணர்தல் இயலாது. பொதுத்தேர்தலுக்கு முன்னரே, கட்சியின் உள்ளே ஒரு தெரிவு நிகழ்ந்துவிடுகின்றது. அத்தெரிவைப்பற்றி நாடுகள் பலவற்றின் அரசியலமைப்பிலே ஒரு சொல்லேனும் இல்லை.

இக்கட்டுரை பிரித்தானியாவின் இருபெருங் கட்சிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அத்தெரிவை ஆராய முயல்கின்றது. அந்நாட்டைக் கொள்வதற்குக் காரணம் இரண்டு. இலங்கையின் பாராளுமன்ற மரபு அங்கிருந்து பெறப்பட்டது என்பது ஒன்று. நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுள் ஏறக்குறைய எல்லா முறைகளும் அங்கே கையாளப்பட்டுவிட்டன என்பது மற்றொன்று. தெளிவுக்காக, பாராளுமன்றத்திலே இடம்பெற்றிருப்போரை 'அங்கத்தவர்' என்றும், சந்தா செலுத்திக் கட்சியிற் சேர்ந்திருக்கும் பொதுமக்களை 'உறுப்பினர்' என்றும் இங்கு வழங்குவோம்.

மூன்று அதிகாரங்கள்

தலைவரைத் தெரிதல் ஒரே செயல்போலத் தோன்றும். ஆராயுமிடத்து அது மூன்று அதிகாரங்களின் கூட்டாகும். இன்னார் போட்டியிடலாம், இன்னார் போட்டியிடலாகாது என்று வரையறுக்கும் நியமன அதிகாரம் முதலாவது. இதனை வாயிற்காவல் எனலாம். போட்டியிடுவோருள் ஒருவருக்கு வாக்களிக்கும் அதிகாரம் இரண்டாவது. தெரியப்பட்டவர் தகுதியற்றவராயின் அவரை அகற்றும் அதிகாரம் மூன்றாவது.

பொதுமக்கள் பெரும்பாலும் இரண்டாவதையே நோக்குகின்றனர். எத்தனை பேருக்கு வாக்குரிமை உண்டோ அத்தனைக்கு அக்கட்சி குடியாட்சிப் பண்புடையது என்று கருதுகின்றனர். ஆயின் ஒரு வீட்டின் வாயிற்றிறப்பு ஒருவரிடமும், உள்ளே குடியிருப்பவர் யார் என்று சொல்லும் உரிமை வேறொருவரிடமும், குடியிருப்பவரை எழுப்பும் உரிமை இன்னொருவரிடமும் இருக்குமாயின், அவ்வீட்டில் அமைதி நிலவுதல் அரிது. கட்சிகளுக்கு நேர்ந்த பெருங்குழப்பங்களிற் பல இவ்வாறு அதிகாரங்கள் பிரிந்து நின்றமையால் விளைந்தவை என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

ஆலோசனை முறை

கொன்சவேட்டிவ் எனப்படும் பழமைபேண் கட்சியிலே 1965 ஆம் ஆண்டு வரை தலைவருக்கெனத் தேர்தல் இருந்ததில்லை. கட்சி ஆட்சியிலிருக்கும்போது பிரதமர் விலகின், கட்சிப் பெரியோர் தம்முள் ஆலோசித்து ஒருவரைக் கருதுவர். அரசர் அல்லது அரசியார் அவரை அழைப்பர். அழைக்கப்பட்டவர் கட்சிக்கும் தலைவராவர். 1957 சனவரியில், சுயஸ் நெருக்கடிக்குப் பின்னர், அந்தனி ஈடன் உடல்நலங் குன்றிப் பதவி விலகினார். சாலிஸ்பரிப் பிரபுவும் கில்மூர் பிரபுவும் மந்திரிமாரைத் தனித்தனியே அழைத்து, மக்மிலனா பட்லரா என்று வினவினர். பெரும்பாலோர் மக்மிலன் என்றனர். அரசியார் அவரை அழைத்தார். கட்சியின் உறுப்பினராயிருந்த இலட்சக்கணக்கானோர் முடிவைச் செய்தித்தாளிற் படித்தே அறிந்தனர்.

இதே மரபின் சாயலை இலங்கையிலும் காணலாம். 1952 மார்ச்சு 22 இல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா காலமானார். அடுத்தவர் யார் என்பதைக் கட்சி உறுப்பினர் வாக்களித்துத் தீர்மானித்தாரல்லர். மகாதேசாதிபதி சோல்பரிப் பிரபு டட்லி சேனநாயக்காவைப் பிரதமராக நியமித்தார். சபை முதல்வராயிருந்த சேர் ஜோன் கொத்தலாவலை அப்பதவி தமக்கு வருமென எதிர்பார்த்திருந்தார். அவர் மனம் எவ்வளவு புண்பட்டதென்பது அக்கால அரசியலை அறிந்தோர் அறிந்ததே.

பிரித்தானியாவில் இம்முறை 1963 ஒக்டோபரில் தன் குறைகளை முற்றும் வெளிப்படுத்தியது. பிளக்பூல் நகரிலே கட்சி மாநாடு நடந்துகொண்டிருக்கையில், நோயுற்றிருந்த மக்மிலன் பதவி விலகப்போவதாக அறிவித்தார். பட்லர், ஹெயில்சம், மோட்லிங் முதலியோர் பெயர்கள் பேசப்பட்டன. ஈற்றிலே பிரபுக்கள் சபையைச் சேர்ந்த ஹோம் பிரபு பிரதமராக அழைக்கப்பட்டார். அவர் தம் பிரபுப் பட்டத்தைத் துறந்து, இடைத்தேர்தலில் வென்று, பொதுமக்கள் சபைக்கு வரவேண்டியதாயிற்று. இயன் மக்லவுட், ஏனொக் பவல் என்னும் மந்திரிமார் இருவர் அவரின்கீழ்ப் பணியாற்ற மறுத்தனர். 1964 சனவரியில் மக்லவுட் தாம் ஆசிரியராயிருந்த 'ஸ்பெக்ரேற்றர்' இதழில், தலைவரை ஒரு 'மாய வட்டம்' தெரிந்துவிட்டது என்று எழுதினார். அவ்வட்டத்தினராக அவர் சுட்டிய ஒன்பதின்மருள் எண்மர் ஈற்றன் என்னும் ஒரே கல்லூரியிற் படித்தவர் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஆலோசனை முறையின் பெருங்குறை தகுதியற்றவர் வருதலன்று. வந்தவர் எவ்வாறு வந்தார் என்பதை எவராலும் எண்ணிக் காட்ட இயலாமையே ஆகும். எண்ணிக் காட்ட இயலாத முடிவைத் தோற்றவர் ஏற்றுக்கொள்வது கடினம்.

அங்கத்தவரின் வாக்கு

1965 பெப்புருவரியில், அதே ஹோம் தலைமை வகித்த காலத்தில், தலைவரைப் பாராளுமன்ற அங்கத்தவர் வாக்களித்துத் தெரிவது என்ற விதி வகுக்கப்பட்டது. அவ்வாண்டு யூலையில் எட்வேட் ஹீத் 150 வாக்கும், மோட்லிங் 133 வாக்கும், பவல் 15 வாக்கும் பெற்றனர். ஹீத் தலைவரானார். முடிவு எவ்வளவு நெருக்கமானதாயினும் எண்ணிக்கை வெளிப்படையாயிருந்தமையால் ஏனையோர் விலகிக்கொண்டனர்.

இம்முறையில் நியமனமும் வாக்கும் ஒரே கையில் இருந்தன. 1975 இல், பதவியிலிருக்கும் தலைவரையும் எதிர்த்துப் போட்டியிடலாம் என்று விதி திருத்தப்பட்டபோது, நீக்கும் அதிகாரமும் அக்கைக்கே வந்தது. அவ்வாண்டு பெப்புருவரி 4 இல் மார்கிறற் தச்சர் 130 வாக்கும், ஹீத் 119 வாக்கும் பெற, ஹீத் விலகினார். தந்த கருவியே பின்னர்த் தச்சரையும் வெட்டியது. 1990 நவம்பர் 20 இல் தச்சர் 204 வாக்கும், ஹெசல்டைன் 152 வாக்கும் பெற்றனர். முன்னணியில் நின்றபோதும், முதற்சுற்றிலே வெல்வதற்கு விதி வேண்டிய இடைவெளிக்கு நான்கு வாக்குகள் குறைந்தன. இரண்டு நாட்களின் பின் அவர் விலகுவதாக அறிவித்தார். மூன்று பொதுத்தேர்தல்களில் வென்ற பிரதமர் ஒருவர் ஒரு கிழமைக்குள் வீழ்ந்தார்.

மூன்று அதிகாரமும் ஒருங்கே இருந்தமையால் மாற்றம் விரைவாக நிகழ்ந்தது, ஆட்சி தடுமாறவில்லை. ஆயினும் தொகுதிச் சங்கங்களிலே உழைத்த உறுப்பினர் பலர், தம்மை வினவாமலே தம் தலைவியை அகற்றிவிட்டனர் என்று மனங்கசந்தனர். அக்கசப்பு 1997 ஆம் ஆண்டில் ஒரு நியாயமான வாதமாக உருவெடுத்தது. அவ்வாண்டுப் பொதுத்தேர்தலிலே கட்சிக்கு 165 அங்கத்தவரே எஞ்சினர். ஸ்கொத்துலாந்திலும் வேல்சிலும் ஒருவரேனும் இல்லை. அங்கத்தவர் மட்டுமே வாக்களிப்பராயின், அவ்விரு நாடுகளிலுமுள்ள உறுப்பினர் சார்பிலே பேசுவார் எவருமிலர். தோல்வியுற்ற இடங்களிலேதான் கட்சிக்கு உழைப்போர் மிகுதியாக வேண்டப்படுகின்றனர்; அவ்விடத்தோருக்கே குரல் இல்லாது போதல் முறையாகாது.

தொழிற்கட்சி சென்ற வழி

தொழிற்கட்சியின் பிறப்பே வேறுவகைப்பட்டது. பழமைபேண் கட்சி பாராளுமன்றத்துக்குள்ளே தோன்றி வெளியே கிளைவிட்டது. தொழிற்கட்சி 1900 ஆம் ஆண்டிலே தொழிற்சங்கங்களாலும் சமதர்மக் கழகங்களாலும் வெளியே நிறுவப்பட்டு உள்ளே புகுந்தது. 1906 இல் 29 அங்கத்தவர் தெரிவாகியபோது, கியர் ஹாடியை ஒரு வாக்கு மேலதிகத்தாலே தம் தலைவராகக் கொண்டனர். 1922 இல் ராம்சே மக்டொனால்ட் 61 வாக்கும், கிளைன்ஸ் 56 வாக்கும் பெற்றனர். 1918 ஆம் ஆண்டு அமைப்பு விதிகள் தனிமனிதரும் நேரே கட்சியிற் சேர வழிவகுத்தன. கொள்கையை வகுக்கும் உயர்பீடம் ஆண்டு மாநாடு என்று கூறப்பட்டது. ஆயினும் தலைவரைத் தெரியும் அதிகாரம் 1980 வரை அங்கத்தவரிடமே இருந்தது.

இதனால் விளைந்த முரண்பாட்டை 1960 ஆம் ஆண்டு காட்டியது. ஸ்காபரோ மாநாட்டிலே, பிரித்தானியா தானாகவே அணுவாயுதங்களைக் கைவிடவேண்டும் என்ற தீர்மானம், தலைவர் ஹியூ கெய்ற்ஸ்கெல்லின் எதிர்ப்பையும் மீறி நிறைவேறியது. அவர் அதற்குப் பணிய மறுத்தார். அடுத்த மாதமே அங்கத்தவர் அவரை 166 வாக்குகளால் மீண்டும் தெரிந்தனர். எதிர்த்து நின்ற வில்சனுக்குக் கிடைத்தவை 81. மறு ஆண்டு மாநாடு தன் தீர்மானத்தைத் தானே மாற்றிக்கொண்டது. பிரித்தானியக் கட்சிகளைப்பற்றி 1955 இல் ஒரு பெருநூல் வெளியிட்ட றொபேட் மக்கென்சி, விதிகள் எவ்வாறிருப்பினும் இரு கட்சிகளிலும் உண்மையான அதிகாரம் பாராளுமன்றத் தலைமையிடமே தங்குகின்றது என்று கூறியதற்கு இது தக்க சான்றாயிற்று.

சாதாரண உறுப்பினருக்குத் தலைவர் தெரிவிலே முதன்முதலில் இடமளித்த பெருமை மூன்றாவது கட்சியாகிய தாராண்மைக் கட்சிக்கு உரியது. 1976 இல் டேவிட் ஸ்டீல் உறுப்பினர் வாக்கினாலே தெரியப்பட்டார். தொழிற்கட்சி 1981 சனவரியில், வெம்பிளியில் நடந்த சிறப்பு மாநாட்டிலே, வாக்கை மூன்று கூறாகப் பகிர்ந்தது: தொழிற்சங்கங்களுக்கு நூற்றுக்கு 40, அங்கத்தவருக்கு 30, தொகுதிக் கட்சிகளுக்கு 30. இம்மாற்றத்தோடு உடன்படாத தலைவர் சிலர் பிரிந்து சமூக சனநாயகக் கட்சியை நிறுவினர். அவ்வாண்டு துணைத்தலைவர் போட்டியிலே டெனிஸ் ஹீலி, டோனி பென்னை நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்த வேறுபாட்டால் வென்றார். பின்னர்க் கூறுகள் மூன்றும் சமமாக்கப்பட்டன. 1994 இல் டோனி பிளேர் மூன்று கூறிலும் பெரும்பான்மை பெற்றார். பதின்மூன்றாண்டு தலைமை வகித்தார். 2010 இலோ அங்கத்தவரும் உறுப்பினரும் டேவிட் மிலிபாண்டையே கூடுதலாக விரும்பினர். சங்கங்களின் வாக்கால் அவர் இளவல் எட் மிலிபாண்ட் நூற்றுக்கு 50.65 வீதத்தோடு வென்றார். வென்ற நாள் முதலாகவே அவர் தலைமைமீது ஐயம் படர்ந்தது.

2014 இல் கூறுகள் அனைத்தும் நீக்கப்பட்டு, ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதி வந்தது. உறுப்பினரல்லாதோரும் மூன்று பவுண் செலுத்தி ஆதரவாளராகப் பதிந்து வாக்களிக்கலாம் எனப்பட்டது. வாயிற்காவல் மட்டும் அங்கத்தவரிடம் விடப்பட்டது. போட்டியிட விரும்புபவர் அங்கத்தவருள் நூற்றுக்குப் பதினைவரின் நியமனத்தைப் பெறவேண்டும். 2015 இல் அத்தொகை 35. ஜெரமி கோர்பின் நேரம் முடியுந் தறுவாயில் 36 நியமனங்களைப் பெற்றார். நியமித்தோருட் சிலர் அவர் தலைவராதலை விரும்பியவரல்லர். விவாதம் விரிவுபெறட்டும் என்ற பெருந்தன்மையாற் கையொப்பமிட்டவர். வாக்கெடுப்பில் அவர் 251,417 வாக்குகளோடு, நூற்றுக்கு 59.5 வீதம் பெற்று, முதற்சுற்றிலேயே வென்றார். காவலர் தம் கடமையைச் சடங்காகக் கருதினாராயின் வாயில் இருந்தும் இல்லாததேயாகும்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இன்னும் கருதற்பாலது. 2016 யூன் 28 இல் அங்கத்தவர் 172 பேர் கோர்பின்மீது நம்பிக்கையில்லை என வாக்களித்தனர். நம்பிக்கை தெரிவித்தோர் 40 பேரே. ஆயின் நீக்கும் அதிகாரம் அங்கத்தவருக்கு இல்லாமையால் அத்தீர்மானம் வெறுஞ்சொல்லாயிற்று. மறுதேர்தல் வந்தபோது, பதவியிலிருப்பவருக்குப் புதிய நியமனம் வேண்டுமா என்பதைக் கட்சியின் செயற்குழு ஆராய்ந்து, 18 க்கு 14 என்ற வாக்கால் வேண்டியதில்லை என முடிவுசெய்தது. சனவரி மாதத்துக்குப் பின்னர்ச் சேர்ந்த ஏறத்தாழ 130,000 உறுப்பினர் வாக்களிக்கலாகாது என்ற மற்றொரு முடிவு நீதிமன்றம் வரை சென்று நிலைநின்றது. செப்டெம்பரிற் கோர்பின் நூற்றுக்கு 61.8 வீதத்தோடு மீண்டும் வென்றார். இலட்சக்கணக்கானோர் பங்குகொண்ட ஒரு தேர்தலின் எல்லையைச் சிறு குழுவொன்றின் ஒருசில வாக்குகள் வகுத்தன என்பது கவனிக்கத்தக்கது. யார் உறுப்பினர் என்று வரையறுப்பதும் ஓர் அதிகாரமே. 2021 இல் கட்சி ஆதரவாளர் வாக்கை ஒழித்து, நியமனத்துக்கு வேண்டிய அளவை நூற்றுக்கு இருபதாக உயர்த்தியது.

பழமைபேண் கட்சியின் இருபடி முறை

1998 இற் பழமைபேண் கட்சியும் உறுப்பினருக்கு வாக்களித்தது. அங்கத்தவர் பல சுற்றுகளில் வாக்களித்து இருவரைத் தெரிவர். அவ்விருவருள் ஒருவரை உறுப்பினர் அனைவரும் தெரிவர். ஆயின் நம்பிக்கை வாக்கெடுப்பின்மூலம் தலைவரை அகற்றும் உரிமை அங்கத்தவரிடமே நின்றது.

2001 இல் அங்கத்தவரின் இறுதிச் சுற்றிலே கென்னத் கிளார்க் 59, இயன் டங்கன் சிமித் 54, மைக்கல் போட்டிலோ 53 வாக்குகளைப் பெற்றனர். ஒரு வாக்கினாற் போட்டிலோ வெளியேறினார். உறுப்பினர் வாக்கிலே டங்கன் சிமித் 155,933 பெற்று வென்றார். அங்கத்தவருள் மூன்றிலொரு பங்கினரின் ஆதரவும் இல்லாத அவர், 2003 ஒக்டோபர் 29 இல் 90 க்கு 75 என்ற வாக்கால் அகற்றப்பட்டார். ஒன்றரை இலட்சம் பேர் ஏற்றிவைத்தவரைத் தொண்ணூறு பேர் இறக்கினர்.

2022 இல் இதே நிகழ்ச்சி ஆட்சிப்பீடத்திலேயே நடந்தது. பொரிஸ் ஜோன்சன் விலகியபின், அங்கத்தவரின் இறுதிச் சுற்றில் ரிஷி சுனக் 137, லிஸ் ட்ரஸ் 113, பென்னி மோர்டன்ட் 105 வாக்குகளைப் பெற்றனர். உறுப்பினரோ ட்ரஸ்ஸுக்கு 81,326 வாக்கும், சுனக்குக்கு 60,399 வாக்கும் அளித்தனர். செப்டெம்பர் 6 இற் பிரதமரான ட்ரஸ், வரிக்குறைப்புத் திட்டத்தால் விளைந்த நிதிக்குழப்பத்தின்பின் அங்கத்தவரின் ஆதரவை இழந்து, ஒக்டோபர் 20 இல் விலகுவதாக அறிவித்தார். அடுத்த தெரிவிலே நியமனத்துக்கு நூறு அங்கத்தவர் வேண்டும் என விதிக்கப்பட்டது. சுனக் ஒருவரே அதனைப் பெற்றமையால் உறுப்பினர் வாக்கெடுப்பே நடைபெறவில்லை. வாயிலை ஒடுக்கியதனால் வாக்கு தேவையற்றதாயிற்று.

உறுப்பினர் வாக்கு எப்பொழுதும் இவ்வாறு முடிந்ததென்று கொள்ளலாகாது. 2005 இல் டேவிட் கமரன் அங்கத்தவரின் இறுதிச் சுற்றிலும் முதலிடம் பெற்றார். உறுப்பினரிடத்தும் நூற்றுக்கு 67 வீதத்துக்கு மேற் பெற்றார். 2016 வரை தலைவராயிருந்தார். இரு திறத்தாரும் ஒன்றுபட்ட இடத்திலே தலைமை நிலைத்தது. வேறுபட்ட இடத்திலே தளர்ந்தது. பிளேர், கமரன் என்போரை ஒரு புறத்திலும், டங்கன் சிமித், ட்ரஸ் என்போரை மறுபுறத்திலும் வைத்து நோக்கின் இது புலனாகும்.

இருபக்க நியாயங்கள்

அங்கத்தவரே தெரியவேண்டும் என்பார் கூறுவது யாது? தலைவரோடு நாள்தோறும் பணியாற்றுபவர் அவரே; விவாதத்தில் அவர் நிற்கும் நிலையையும், நெருக்கடியில் அவர் காட்டும் பொறுமையையும் நேரிற் கண்டறிபவர் அவரே. மேலும், பிரதமர் பொதுமக்கள் சபையின் நம்பிக்கையாற் பதவி வகிப்பவர். அந்நம்பிக்கையைத் தருவோர் அவரைத் தெரிதலே பொருத்தம். அங்கத்தவன் தன் தொகுதி மக்களுக்கு விடைகூறக் கடமைப்பட்டவன். உறுப்பினன் எவருக்கும் விடைகூற வேண்டியவனல்லன். 2022 இற் பிரதமரைத் தெரிந்த வாக்கெடுப்பில் உரிமைபெற்றிருந்தோர் 172,437 பேர். நாட்டின் வாக்காளரோ 4 கோடியே 70 இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஏறக்குறைய 275 பேருக்கு ஒருவரே தம் பிரதமரைத் தெரியும் வாய்ப்பைப் பெற்றனர்.

உறுப்பினர் பக்கத்து நியாயமும் வலியதே. மழையிலும் குளிரிலும் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்பவர் அவர். அவரின்றி அங்கத்தவர் இல்லை. அங்கத்தவர் தம் பதவியையும் மந்திரிப் பதவி வாய்ப்பையும் கருதி வாக்களித்தல் கூடும். செருமனியின் சமூக சனநாயகக் கட்சியை ஆராய்ந்த றொபேட் மிசெல்ஸ், 1911 இல் வெளியிட்ட நூலிலே, எவ்வளவு சமத்துவம் பேசும் இயக்கமாயினும் ஈற்றிலே ஒரு சிலர் கையில் அடங்கும் என்றும், இது இரும்பு விதி போன்றதென்றும் கூறினார். உறுப்பினர் வாக்கு அவ்விரும்பை அரிக்கும் ஒரு கருவியென அதன் ஆதரவாளர் கருதுகின்றனர்.

இரண்டும் உண்மையாதலின், ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்ளுதல் தீர்வாகாது. இரு திறத்தாரும் பங்குகொள்ளும் முறையிலே, வாயிற்காவல் பொறுப்போடு நடைபெறவேண்டும். அங்கத்தவருட் கணிசமானோரின் மெய்யான ஆதரவில்லாதவர் இறுதிப் போட்டிக்கு வரலாகாது. அகற்றும் விதியும் முன்கூட்டியே தெளிவாக வகுக்கப்படல் வேண்டும். குழப்பம் எழுந்தபின் விதி செய்யப் புகுவோர், விதியை நோக்காது ஆளை நோக்கியே செய்வர்.

வாக்கில்லாத நாட்கள்

இதுகாறும் தலைவர் தெரிவைப்பற்றிக் கூறினோம். ஆயின் அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழ்வது. எஞ்சிய நாட்களில் உறுப்பினன் செய்வது யாது என்ற வினாவே பெரிது. 1953 இற் பழமைபேண் கட்சி தனக்கு 28 இலட்சம் உறுப்பினர் உளர் எனக் கூறியது. அக்காலத்து அவருக்குத் தலைவர் தெரிவில் ஒரு வாக்கேனும் இல்லை. வாக்குரிமை கிடைத்தபின், மேலே கண்டபடி, 2022 இல் அத்தொகை இரண்டு இலட்சத்துக்குங் கீழாயிற்று. தொலைக்காட்சியும் வேறு பொழுதுபோக்குகளும், வர்க்கப் பிணைப்புகள் தளர்ந்தமையும் இதற்குக் காரணங்களாகும். வாக்குரிமை உறுப்பினரை விரட்டிற்று என்று எவரும் கூறார். ஆயினும் வாக்குரிமை மட்டும் அவரை ஈர்த்து நிறுத்தவில்லை என்பது தெளிவு. தொழிற்கட்சியிலே 2015 ஆம் ஆண்டுப் போட்டி பெருந்தொகையானோரை ஈர்த்தது. 2017 இல் உறுப்பினர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 2023 இறுதியில் அது நான்கு இலட்சத்துக்குக் கீழே இறங்கிற்று. ஒரு தலைவருக்காக வந்தவர் அத்தலைவரோடு செல்வர். ஊர்க்கிளையின் பணிக்காக வந்தவரே தங்குவர்.

அக்காலத்துக் கிளைகள் நடனம், தேநீர் விருந்து, விரிவுரை, நிதிதிரட்டல் எனப் பல வாயிலாக மக்களைக் கூட்டிவைத்தன. வேட்பாளரைத் தெரியும் உரிமையும் தொகுதிச் சங்கத்துக்கு இருந்தது. ஒரு கட்சி உறுதியாக வெல்லும் தொகுதியில், வேட்பாளரைத் தெரியும் சிறுகுழுவே உண்மையில் அங்கத்தவரைத் தெரிகின்றது. ஆதலின் இவ்வுரிமை தலைவர் வாக்கினும் குறைந்ததன்று. இவ்வுரிமையை இன்னும் விரித்துப் பார்த்ததோர் எடுத்துக்காட்டு 2009 இல் டொட்னெஸ் தொகுதியில் நிகழ்ந்தது. பழமைபேண் கட்சி அத்தொகுதி வாக்காளர் அனைவருக்கும் தபால்மூலம் சீட்டனுப்பித் தன் வேட்பாளரைத் தெரியச் செய்தது. ஏறக்குறைய நாலிலொருவர் வாக்களித்தனர். சேரா வொலஸ்டன் என்னும் மருத்துவர் தெரிவாகினார். செலவு மிகுதியாதலின் அம்முறை பரவவில்லை.

செருமனியோ சட்டத்தையே துணைக்கொண்டது. அந்நாட்டின் 1949 ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தின் 21 ஆம் உறுப்பு, கட்சிகளின் உள்ளமைப்பு குடியாட்சி நெறிகளுக்கு அமைய வேண்டும் என விதிக்கின்றது. 1967 இல் இயற்றப்பட்ட கட்சிகள் சட்டம், கட்சியின் செயற்குழு குறைந்தது ஈராண்டுக்கொரு முறை தெரியப்படல் வேண்டும் என்றும், அத்தெரிவு இரகசிய வாக்காலே நடைபெறல் வேண்டும் என்றும் வரையறுத்தது. கட்சி தனியார் கழகமாயினும், அது நாட்டின் ஆட்சியைத் தீர்மானிப்பதால், அதன் உள்வாழ்வு நாட்டின் கருமமுமாகும் என்பதே அச்சட்டத்தின் உட்கிடை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். வாக்களிப்போர் தொகையைப் பெருக்குதல் எளிது. ஒரு மாநாட்டின் ஒரு தீர்மானம் போதும். வாயிலைக் காத்தல், வரம்பை வகுத்தல், தெரிந்தவரைத் தட்டிக் கேட்டல், தேவைப்படின் அகற்றுதல் ஆகியவை இடைவிடாத உழைப்பை வேண்டுவன. அவ்வுழைப்புக்கு ஆளில்லாத கட்சியிலே உறுப்பினன் நாடகம் பார்க்கச் சென்று ஈற்றிற் கைதட்டுபவனை ஒப்பான்.

இவ்வுண்மையை அறிய நாம் வெளிநாடு செல்லவேண்டியதில்லை. நம் ஊர்ச் சனசமூக நிலையத்திலும், கூட்டுறவுச் சங்கத்திலும், கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்திலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தன்று மண்டபம் நிறைகின்றது. தலைவர் பெயரை ஒருவர் பிரேரிக்க, மற்றொருவர் ஆமோதிக்க, யாவரும் கையுயர்த்துகின்றனர். அடுத்த மாதம் கணக்கு வாசிக்கப்படும் கூட்டத்துக்கு வருவோர் எத்தனை பேர்? அக்கணக்கிலே ஐயம் எழுந்தாற் பணிவோடும் துணிவோடும் வினவுவோர் எத்தனை பேர்? இன்று மாணவர் மன்றத்திலே விதிக்கோவையைப் படித்து, கூட்டக் குறிப்பைத் திருத்தி, தோற்றபின்னும் கூட்டத்துக்கு வரும் இளைஞனே நாளை கட்சியொன்றிற் சேரின் அதன் நல்ல உறுப்பினனாவான். தலைவரைத் தெரியும் உரிமை அத்தகையோன் கையிலேதான் பயன்தரும்.